ரீபூட் கொடுத்ததும் பிஎம்சி காணாமல் போகிறது, லினக்ஸ் வந்ததும் திரும்புகிறது: சிப் கெட்டுவிட்டதா?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். கேட்டவர் பெங்களூரு பிடிஎம் லேஅவுட்டில் இருந்து வேலை பார்க்கிறார். கம்பெனியின் சர்வர்கள் ஒயிட்ஃபீல்டில் ஒரு டேட்டா சென்டரின் வாடகை ரேக்கில் இருக்கின்றன. சர்வரைத் தூரத்திலிருந்தே கவனிக்கவும் இயக்கவும் போர்டில் வைத்த சிப்தான் பிஎம்சி. லினக்ஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது அதன் இணையப் பக்கம் ஒழுங்காகத் திறக்கிறது. விசிறி வேகம், வெப்பநிலை எல்லாம் தெரிகிறது. ரீபூட் கொடுத்த சில நொடிகளில் பக்கம் அறுந்துவிடுகிறது. லினக்ஸ் முழுதாக மேலே வந்த பிறகுதான் மறுபடி கிடைக்கிறது. இதனால் பயாஸுக்குள் (ஓஎஸ் ஏறும் முன் வரும் அமைப்புத் திரைக்குள்) நுழையவே முடியவில்லை. "போர்டில் பிஎம்சி சிப் போய்விட்டதா, போர்டை மாற்றச் சொல்லட்டுமா?" என்று கேட்டிருக்கிறார்.

இதற்குள் இருக்கும் கேள்வி வேறு. ஓஎஸ் இல்லாத நேரத்திலும் வேலை செய்யவேண்டும் என்பதற்காகவே வைத்த ஒரு பொருள், ஓஎஸ் இருந்தால் மட்டும் எப்படி வேலை செய்கிறது? இதற்கு விடை தெரிந்தால் போர்டை மாற்றலாமா என்பது தானாகத் தெரிந்துவிடும். பல வருஷமாக இந்த ஊரில் ரேக்குகளோடு வேலை பார்க்கிறேன். இந்த அறிகுறியை வைத்துச் சொன்னால், சிப் போயிருக்க வாய்ப்பு மிகக் குறைவு. உங்கள் மேசையிலிருந்து பிஎம்சி வரை போகும் பாதையில் எங்கோ ஒரு இடம் அந்த லினக்ஸை நம்பி நிற்கிறது. அந்த இடத்தைக் கண்டுபிடிப்பதுதான் வேலை.

முதலில் சந்தேகமில்லாத விஷயம். பிஎம்சி என்பது போர்டிலேயே இருக்கும் தனிக் கணினி. பெரும்பாலும் ஏஸ்பீட் சிப், அதற்குள் ஒரு ஆர்ம் பிராசசர், தனி நினைவகம், தனியாக ஓடும் சிறிய லினக்ஸ். டெல் இதை ஐடிராக் என்கிறது, ஹெச்பிஈ ஐலோ என்கிறது (ஐலோவின் சிப் அவர்களே வடிவமைத்தது). பவர் கார்டு செருகியிருக்கும்வரை ஸ்டாண்ட்பை மின்சாரத்தில் இது ஓடிக்கொண்டே இருக்கும். சர்வரை ரீபூட் செய்தாலும் அணைத்தாலும் இது ரீபூட் ஆகாது. ஆகவே ரீபூட்டின்போது பிஎம்சி "நின்றுபோகிறது" என்று தோன்றினாலும், அது உள்ளே ஓடிக்கொண்டுதான் இருக்கும். நம்மால் எட்ட முடியவில்லை, அவ்வளவுதான்.

சரி, ஏன் எட்ட முடியவில்லை? இங்கே ஒரு எளிய சோதனைதான் பாதி வேலையை முடித்துவிடும். ஆனால் பலர் இதைத் தவிர்த்துவிட்டு நேராக ஃபர்ம்வேர் அப்டேட்டில் இறங்குகிறார்கள். பிஎம்சி முகவரிக்கு ஒரு பிங் (பதில் வருகிறதா என்று தட்டிப் பார்க்கும் கட்டளை), சர்வரின் சொந்த முகவரிக்கு இன்னொரு பிங், இரண்டையும் பக்கத்துப் பக்கத்து விண்டோவில் ஓட விடுங்கள். லினக்ஸிலிருந்து பிங் கொடுத்தால், கேபிடல் டி ஆப்ஷன் சேர்த்தால் ஒவ்வொரு வரியிலும் நேரம் விழும். அப்புறம் ரீபூட் கொடுத்துவிட்டு இரண்டு நேரங்களை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்: பிஎம்சி எப்போது போனது, எப்போது வந்தது. போய் அரை நிமிஷம், ஒரு நிமிஷத்தில், அதாவது சர்வர் இன்னும் மெமரி சோதனையில் இருக்கும்போதே திரும்பினால் ஒரு வகைக் காரணம். சர்வரின் சொந்த முகவரி பதில் சொல்லும் அதே சமயத்தில்தான் பிஎம்சியும் திரும்புகிறது என்றால் முற்றிலும் வேறு வகை. உங்கள் விவரிப்பு இரண்டாவது வகையைப் போல இருக்கிறது. ஆனாலும் கண்ணால் பார்த்ததை நம்பாமல் நேரத்தைக் குறியுங்கள். பிரௌசர் பக்கம் லாகின் அறுந்து சும்மா நிற்கும். நாம் அதை மறுபடி திறந்து பார்ப்பதற்குள் லினக்ஸ் வந்திருக்கும்.

இரண்டு வகைக்கும் அடிப்படை ஒன்றுதான்: பிஎம்சி எந்த போர்ட் வழியாக வெளியே வருகிறது என்பது. சர்வரின் பின்பக்கம் மேனேஜ்மென்ட்டுக்கென்று தனி போர்ட் ஒன்று இருக்கும். அதை டெடிகேட்டட் என்பார்கள். அதில் கேபிள் போடாமலும் பிஎம்சியை வெளியே கொண்டுவர முடியும். சர்வரின் முதல் நெட்வொர்க் போர்ட்டையே அது பகிர்ந்துகொள்ளும். இது ஷேர்டு. இரண்டுக்கும் நடுவே ஃபெயில்ஓவர் என்று ஒன்று உண்டு: தனி போர்ட்டில் லிங்க் இருந்தால் அதை எடுக்கும், இல்லையென்றால் முதல் போர்ட்டுக்குப் போய்விடும். சூப்பர்மைக்ரோ போர்டுகள் பல இந்த ஃபெயில்ஓவரில்தான் பெட்டியிலிருந்து வருகின்றன. வாடகை ரேக்கில் ஸ்விட்ச் போர்ட் ஒவ்வொன்றுக்கும் காசு என்பதால், தனி கேபிளை விட்டுவிட்டு ஷேர்டிலேயே ஓட்டுவது இங்கே சகஜம். எல்லாம் நன்றாக இருக்கும்வரை வித்தியாசமே தெரியாது.

ஷேர்டில் பிஎம்சியின் பாக்கெட்டுகள் சர்வரின் நெட்வொர்க் கார்டு வழியாக, என்சி-எஸ்ஐ என்ற பக்கவாட்டு இணைப்பில் போகின்றன. வீட்டு வாசலைப் பகிர்ந்துகொள்ளும் மாடிக் குடித்தனம் மாதிரி: கீழே வாசலைப் பூட்டினால் மேலே இருப்பவரும் உள்ளேதான். ரீபூட்டில் அந்த கார்டும் ரீசெட் ஆகும். ரீசெட் ஆனால் லிங்க் ஒருமுறை விழுந்து எழும். அது விழுந்து எழுவதோடு முடிந்தால் யாரும் கவனிக்கவே மாட்டார்கள். பிரச்சினை அதற்கு எதிர்முனையில், ஸ்விட்ச்சில், நடக்கும் விஷயங்களில் இருக்கிறது.

முதல் வகை, அதாவது அரை நிமிஷத்தில் திரும்புவது, பெரும்பாலும் ஸ்பேனிங் ட்ரீ, அதாவது கேபிள்கள் வட்டமாகிப் பாக்கெட்டுகள் சுற்றிவராமல் ஸ்விட்ச் பார்த்துக்கொள்ளும் முறை. லிங்க் எழுந்ததும் ஸ்விட்ச் அந்த போர்ட்டை உடனே திறக்காது. பழைய முறையில் 15 நொடி கேட்கும், 15 நொடி கற்கும், பிறகுதான் போக்குவரத்தை விடும். சர்வர் பூட்டில் கார்டு இரண்டு மூன்று முறை ரீசெட் ஆவதுண்டு (போஸ்ட் எனும் தொடக்கச் சோதனையில் ஒருமுறை, நெட்வொர்க் பூட் ரோம் ஏறும்போது ஒருமுறை, கடைசியாக லினக்ஸ் டிரைவர் ஏறும்போது), ஒவ்வொரு முறையும் இந்த 30 நொடி மறுபடி தொடங்கும். பயாஸுக்குள் போக எஃப்2-வோ டெலீட்டோ அழுத்த வேண்டிய நேரம் சரியாக இந்த இருட்டுக்குள் போய்விடும். சர்வர் கேபிள் போகும் ஸ்விட்ச் போர்ட்டை எட்ஜ் போர்ட்டாக, சிஸ்கோ மொழியில் போர்ட்ஃபாஸ்ட்டாக, மாற்றினால் இது தீரும்.

உங்களுடையது இரண்டாவது வகை என்றால் நான் முதலில் சந்தேகப்படுவது எல்ஏசிபி, அதாவது சில கேபிள்களை ஒரே கட்டாகச் சேர்க்க சர்வரும் ஸ்விட்ச்சும் பேசிக்கொள்ளும் முறை. முதல் இரண்டு போர்ட்டுகளை லினக்ஸில் பாண்ட் செய்திருக்கிறீர்களா? அப்படியென்றால் ஸ்விட்ச்சிலும் அந்த இரண்டு போர்ட்டும் ஒரே கட்டாக இருக்கும். லினக்ஸ் ஓடும்வரை அதன் பாண்டிங் டிரைவர் எல்ஏசிபி செய்திகளை அனுப்பிக்கொண்டே இருக்கும், ஸ்விட்ச்சும் போர்ட்டைத் திறந்தே வைத்திருக்கும். ரீபூட் ஆனதும் அந்தச் செய்திகள் நிற்கும். பிஎம்சிக்கு எல்ஏசிபி பேசத் தெரியாது. எதிரே ஆள் இல்லை என்று பல ஸ்விட்ச்கள் அந்த போர்ட்டை நிறுத்தி வைத்துவிடும். மறுபடி லினக்ஸ் வந்து பேசினால்தான் திறக்கும். நீங்கள் சொன்ன அறிகுறி இதோடு அப்படியே பொருந்துகிறது.

இதை உறுதிப்படுத்த இன்னொரு தடயம் உண்டு. எல்ஏசிபி கட்டில் ஸ்விட்ச் எந்தப் பாக்கெட்டை எந்த கேபிளில் அனுப்பும் என்பது முகவரிகளை வைத்துப் போடும் கணக்கு. பிஎம்சி உட்கார்ந்திருப்பது முதல் கேபிளில் மட்டும். கணக்கு இரண்டாவது கேபிளைக் காட்டினால் பாக்கெட் பிஎம்சிக்குப் போய்ச் சேராது. ஆகவே லினக்ஸ் ஓடும்போதுகூட, உங்கள் லேப்டாப்பில் பக்கம் திறக்கும், பக்கத்து சீட்டுக்காரர் லேப்டாப்பில் திறக்காது. அல்லது பிங் போகும், இணையப் பக்கம் சுற்றிக்கொண்டே நிற்கும். "பிஎம்சி எப்பவுமே கொஞ்சம் அப்படித்தான்" என்று உங்கள் ஆபீஸில் யாராவது சொல்லியிருந்தால், எல்ஏசிபி மீது என் சந்தேகம் இன்னும் பலமாகும். ஸ்விட்ச்சில் இதற்குத் தணிப்பு உண்டு: அரிஸ்டாவில் எல்ஏசிபி ஃபால்பேக், ஜூனிப்பரில் ஃபோர்ஸ்-அப், சிஸ்கோவில் சஸ்பெண்ட் இண்டிவிஜுவல் என்பதை எடுத்துவிடுவது. இவை பூட் நேரப் பிரச்சினையைக் குறைக்கும். ஆனால் கணக்குப் பிரச்சினை அப்படியே இருக்கும். அதனால் இதை நிரந்தரத் தீர்வாக நான் பரிந்துரைக்க மாட்டேன்.

10ஜி போர்ட்டில் ஷேர்டு வைத்திருந்தால் இன்னொரு சாத்தியமும் உண்டு. சில கார்டுகள் ஸ்டாண்ட்பையில் மின்சாரம் மிச்சப்படுத்த 1ஜி-க்கோ 100 எம்பிக்கோ இறங்கிவிடும். ஸ்விட்ச் போர்ட்டை 10ஜி மட்டும் என்று பூட்டியிருந்தால் டிரைவர் ஏறும்வரை லிங்க்கே வராது. ஸ்விட்ச் பதிவில் லிங்க் டவுன் என்று பதிவாகியிருக்கிறதா, அல்லது லிங்க் இருந்தும் போர்ட் நிறுத்தப்பட்டிருக்கிறதா என்று பார்த்தால் இதையும் எல்ஏசிபியையும் பிரித்துவிடலாம்.

இதையெல்லாம் பார்ப்பதற்கு முன்னால் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: பிஎம்சிக்கு நீங்கள் எந்த வழியாகப் போகிறீர்கள்? ஒரு கம்பெனியில் இதே புகார் வந்தபோது, பிஎம்சி டெடிகேட்டட் போர்ட்டில்தான் இருந்தது, ஸ்விட்ச்சிலும் ஒரு குறையும் இல்லை. அவர்கள் விபிஎன் வந்து இறங்கும் வர்ச்சுவல் மெஷின் அதே சர்வரில் ஓடிக்கொண்டிருந்தது. சர்வர் விழுந்தால் விபிஎன்னும் விழும். சர்வர் வந்து, அதன்மேல் வர்ச்சுவல் மெஷின் வந்த பிறகுதான் பிஎம்சி "திரும்பும்". ஜம்ப் சர்வர் (உள்ளே போக முதலில் நுழையும் சர்வர்), டிஎன்எஸ் (பெயரை முகவரியாக்குவது), டிஹெச்சிபி (முகவரி கொடுப்பது) இவை அதே சர்வரில் ஓடினாலும் அப்படியே. இரண்டாவது வகை அறிகுறியில் எல்ஏசிபிக்கு அடுத்து நான் தேடுவது இதைத்தான். சோதிப்பதும் சுலபம்: அதே ரேக்கில் இருக்கும் வேறொரு சர்வரின் பிஎம்சியும் அதே நேரத்தில் அறுகிறதா என்று பாருங்கள். அறுந்தால் பழுது உங்கள் பாதையில்.

இப்போது எந்த போர்ட் என்று எப்படித் தெரிந்துகொள்வது? லினக்ஸ் உள்ளிருந்தே கேட்கலாம். ஐபிஎம்ஐடூலில் (ஐபிஎம்ஐ என்ற நெறிமுறையில் பிஎம்சியோடு பேசும் கட்டளைக் கருவி) லேன் பிரிண்ட் கொடுத்தால் பிஎம்சியின் முகவரி, மேக் (போர்ட்டின் வன்பொருள் முகவரி), விலான் (ஒரே ஸ்விட்ச்சில் பிரித்த தனி நெட்வொர்க்) எண், டிஹெச்சிபியா ஸ்டேட்டிக்கா என்பதெல்லாம் வரும். சேனல் எண் பெரும்பாலும் 1, ஹெச்பிஈயில் 2. டெடிகேட்டடா ஷேர்டா என்பது கம்பெனிக்குக் கம்பெனி வேறு இடத்தில் இருக்கும். ஐடிராக்கில் நெட்வொர்க் பக்கத்தில் என்ஐசி செலக்ஷன் என்று பாருங்கள். சூப்பர்மைக்ரோவில் நெட்வொர்க் பக்கத்தில் லேன் இன்டர்ஃபேஸ். சூப்பர்மைக்ரோவிலேயே ஐபிஎம்ஐடூலின் ரா கட்டளையில் (நேரடி எண்களால் கேட்பது) கேட்டால் 0 டெடிகேட்டட், 1 ஷேர்டு, 2 ஃபெயில்ஓவர்.

ஃபெயில்ஓவர் என்று வந்தால் கொஞ்சம் நின்று யோசியுங்கள், ஏனென்றால் பலரை ஏமாற்றுவது அதுதான். பல மாடல்களில் எந்த போர்ட் என்ற முடிவை பிஎம்சி தான் தொடங்கும்போது ஒரே ஒருமுறைதான் எடுக்கிறது. மின்சாரம் முழுதாகப் போய் வந்தால் பிஎம்சி ஒன்றிரண்டு நிமிஷத்தில் எழுந்துவிடும். மேனேஜ்மென்ட் ஸ்விட்ச் எழ அதைவிட அதிக நேரம் எடுக்கலாம். பிஎம்சி பார்க்கும்போது தனி போர்ட்டில் லிங்க் இல்லை. சரி என்று ஷேர்டுக்குப் போய் அங்கேயே உட்கார்ந்துவிடும். பின்னால் கேபிள் சரியாகச் செருகியிருக்கும், விளக்கும் எரியும், ஆனால் பிஎம்சி அங்கே இருக்காது. டேட்டா சென்டரில் மின்சாரம் அப்படிப் போவது அரிது. ஆனால் ஆபீஸ் மூலையில் ஒரு யுபிஎஸ்ஸோடு ரேக் வைத்திருக்கும் இடங்களில், பேட்டரி தீர்ந்த ஒவ்வொரு மழைக்காலச் சாயங்காலமும் இது நடக்கும். "நேற்றுவரை நன்றாக இருந்தது" என்று வரும் புகார்களில் இதை முதலில் பாருங்கள்.

தீர்வு, டேட்டா சென்டர் ஆட்களிடம் சொல்லி தனி போர்ட்டிலிருந்து தனி ஸ்விட்ச்சுக்கு ஒரு கேபிள் போடச் சொல்வது, பிறகு அமைப்பை டெடிகேட்டட் என்று மாற்றுவது. இந்த வரிசை முக்கியம். கேபிள் போடும் முன் மாற்றினால் பிஎம்சி கையை விட்டுப் போய்விடும். போனாலும் பயப்படவேண்டாம்: லினக்ஸ் ஓடும்வரை ஐபிஎம்ஐடூல் நெட்வொர்க் இல்லாமலே போர்டுக்குள் இருக்கும் கேசிஎஸ் என்ற நேர் இணைப்பு வழியாக பிஎம்சியிடம் பேசும், திருப்பி மாற்றிவிடலாம். அதேபோல, "அணைத்த நிலையில் பிஎம்சி எட்டுகிறதா" என்று சோதிக்க ரிமோட்டில் சர்வரை அணைத்துவிடாதீர்கள். எட்டவில்லையென்றால் திரும்பப் போடவும் வழியிருக்காது. ராத்திரி பத்து மணிக்கு சில்க் போர்டு வழியாக ஒயிட்ஃபீல்டு போகவேண்டியதுதான். பவர் ஆஃபுக்குப் பதில் பவர் சைக்கிள் கொடுங்கள், அல்லது டேட்டா சென்டர் ஆள் ரேக் முன்னால் நிற்கும்போது மட்டும் அணையுங்கள்.

பக்கம் திறக்கிறது, கன்சோல் மட்டும் கறுப்பு என்றால் அது வேறு நோய். பிஎம்சி தன்னுடைய சிறிய விஜிஏ-வில் வரும் படத்தைத்தான் பிடித்து அனுப்புகிறது. சர்வரில் ஜிபியு கார்டு போட்டு, பயாஸில் முதன்மைப் படம் அதற்குப் போகும்படி இருந்தால் கன்சோலில் ஒன்றும் வராது. லைசென்ஸையும் பாருங்கள். ஐடிராக்கில் கன்சோல் வர என்டர்பிரைஸ் வேண்டும். ஐலோ ஸ்டாண்டர்டில், டிஎல் ரக சர்வர்களில், பூட் நேரத்தில் கன்சோல் வரும், ஓஎஸ் எழுந்ததும் மூடிக்கொள்ளும். உங்கள் பிரச்சினைக்கு நேர் எதிர்.

உங்களுக்கு இப்போதே பயாஸுக்குள் போகவேண்டும் என்றால் கேபிள் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. சரியான நொடியில் விசையை அழுத்தும் போராட்டத்தையும் விட்டுவிடுங்கள். லினக்ஸில் இருந்தபடியே ஐபிஎம்ஐடூலில் சேசிஸ் பூட்டெவ் பயாஸ் என்று கொடுத்தால், அடுத்த பூட்டில் சர்வர் தானே பயாஸ் அமைப்புக்குள் போய் நிற்கும். ஒரு நுணுக்கம்: ஐபிஎம்ஐ விதிப்படி இந்தக் குறிப்புக்கு ஆயுள் 60 நொடி. அதற்குள் பிஎம்சி வழியாக ரீசெட் வரவில்லையென்றால் அழிந்துவிடலாம். ஆகவே குறிப்பைக் கொடுத்த கையோடு பவர் சைக்கிளும் கொடுங்கள். ஸ்பேனிங் ட்ரீ வகையாக இருந்தால் இதுவே போதும்: அரை நிமிஷம் கழித்துக் கன்சோலைத் திறந்தால் பயாஸ் உங்களுக்காகக் காத்திருக்கும். எல்ஏசிபி வகையில் இதைச் செய்யவே கூடாது. சர்வர் பயாஸிலேயே நிற்கும், லினக்ஸ் வராது, போர்ட்டும் திறக்காது. பிங் சோதனையை முதலில் செய்யச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

சிப்பே தொங்கிப்போவதும் உண்டு, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் அப்போது லினக்ஸ் ஓடும்போதும் எட்டாது. உள்ளிருந்து ஐபிஎம்ஐடூல் கேட்டாலும் பதில் வராது அல்லது நிமிஷக்கணக்கில் இழுக்கும். அதற்கு பிஎம்சியை மட்டும் கோல்ட் ரீசெட் (முழு மறுதொடக்கம்) செய்யலாம். ஓடும் லினக்ஸை அது பொதுவாகத் தொடாது, விசிறிகள் மட்டும் சிறிது நேரம் முழு வேகத்தில் ஓடலாம். அதற்கும் அசையாவிட்டால் இரண்டு பவர் கார்டுகளையும் பிடுங்கி ஒரு நிமிஷம் விட்டுச் செருகவேண்டும். போர்டை மாற்றுவது அதற்கெல்லாம் பிறகு.

பூட் பிரச்சினை தீர்ந்தாலும் ஷேர்டில் விட்டுவைக்காதீர்கள் என்று நான் அழுத்திச் சொல்வதற்குப் பாதுகாப்புக் காரணமும் உண்டு. முதல் போர்ட் இணையத்தைப் பார்த்திருந்தால், ஃபெயில்ஓவரில் பிஎம்சியும் சத்தமில்லாமல் அங்கே போய் நிற்கும். ஐபிஎம்ஐ 2.0, யூடிபி 623-ல், லாகின் முடியும் முன்பே பாஸ்வேர்டின் ஹாஷை (பாஸ்வேர்டை ஊகித்துக் கண்டுபிடிக்க உதவும் அதன் உருமாற்றம்) கேட்டவருக்குக் கொடுத்துவிடும். 2013-ல் வெளியே தெரிந்த இந்தக் குறை நெறிமுறையிலேயே இருப்பதால் ஃபர்ம்வேர் மாற்றினாலும் போகாது. 2025 ஜூனில் அமெரிக்காவின் இணையப் பாதுகாப்பு அமைப்பான சிசா, ஏஎம்ஐ மெகாரேக் பிஎம்சி மென்பொருளின் ஒரு ஓட்டையை, தாக்குதலில் பயன்படுத்தப்படுவதாகத் தன் பட்டியலில் சேர்த்தது. பிஎம்சி கையில் கிடைத்தவருக்கு சர்வரே கிடைத்த மாதிரி. தனி கேபிள், தனி விலான், வெளியிலிருந்து வரும் வழி அந்த சர்வரை நம்பாத ஒரு விபிஎன்; இந்த மூன்றும் கட்டாயம் வேண்டும்.

உங்கள் ஸ்விட்ச் அமைப்பைப் பார்க்காமல் இது எல்ஏசிபிதான் என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. பிங்கில் குறித்த இரண்டு நேரம், லினக்ஸில் பாண்ட் எந்த மோடு, லேன் பிரிண்டின் விடை, போர்டின் மாடல், பூட் நேரத்தில் அந்த ஸ்விட்ச் போர்ட் பற்றிப் பதிவான வரிகள் இவற்றை இங்கே போடுங்கள். முகவரிகளையும் மேக்கையும் மறைத்துவிட்டுப் போடுங்கள். பதிவில் "சஸ்பெண்டட்" என்ற சொல் இருந்தால் அந்த வரியை முதலில் அனுப்புங்கள்.